சாலைத்துறையோடு பேசப்போகும் சைக்கிள்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூர்ச் சைக்கிள் குழுக்களில் புதிதாகச் சேருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சாலையை வரைகிற, போடுகிற, பராமரிக்கிற துறைகளோடு பல வருடம் மல்லுக்கட்டியும் சிநேகம் பிடித்தும் கற்றுக்கொண்டதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சட்டமும் துறைகளின் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பொறியாளரின் கவலைகள் அவ்வளவாக மாறுவதில்லை.

எதிலிருந்து தொடங்குவது?

ஓர் இடத்திலிருந்து. ‘நகரம் முழுக்கச் சைக்கிள் பாதை வேண்டும்’ என்று மனு கொடுத்தால் ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வரும், அதோடு சரி. ‘இந்தச் சந்திப்பில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், பக்கத் தெருவுக்குள் திரும்பும் வண்டிகள் வேகத்தைக் குறைப்பதே இல்லை. முனையின் வளைவைக் குறுக்கித் தர முடியுமா?’ என்று கேட்டால் யாராவது ஒருவர் முடியும் அல்லது முடியாது என்று சொல்லியாக வேண்டும். முடியாது என்றால் ஏன் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உங்கள் குழுவில் எல்லோரும் கடக்கிற, எல்லோரும் திட்டுகிற ஓர் இடம் கட்டாயம் இருக்கும். அதை எடுங்கள். ஆறு சாலைகள் கூடும் பெரிய சந்திப்பை மட்டும் முதல் வேலையாக எடுக்காதீர்கள். மூன்று வருடம் ஓடிவிடும், பாதிப் பேர் குழுவை விட்டே போய்விடுவார்கள்.

யாரைப் போய்ப் பார்ப்பது?

முதலில் அந்தச் சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள். ஒரே சந்திப்பில் பெரிய சாலை ஒரு துறையுடையது, பக்கத் தெரு உள்ளாட்சியுடையது, சிக்னல் இன்னொருவருடையது, அடியில் ஓடும் குழாய் வேறொருவருடையது என்று இருப்பது சகஜம். தவறான கதவைத் தட்டினால் மரியாதையாகவே ஆறு மாதம் அலைக்கழிப்பார்கள்.

கண்டுபிடித்த பிறகு இரண்டு பேர் வேண்டும்: வரைபடத்தில் கோடு போடுகிறவர் ஒருவர், அதற்குக் கையெழுத்துப் போடும் தைரியம் உள்ளவர் ஒருவர். முதலாமவர் பெரும்பாலும் இளம் பொறியாளராக இருப்பார். நல்ல யோசனைகள் அவரிடம் ஏற்கெனவே இருக்கும், கேட்க ஆள்தான் இருந்திருக்காது. அரசியல்வாதியை மட்டும் பிடித்துக்கொண்டு மேலிருந்து உத்தரவு வாங்கிவந்தால் பாதை வரும், ஆனால் எரிச்சலோடு வரையப்பட்ட பாதையாக வரும். பொறியாளரை மட்டும் பிடித்தால் நல்ல வரைபடம் வரும், அலமாரியிலேயே இருக்கும்.

எந்தக் கட்டத்தில் போக வேண்டும்?

தார் கொதிக்கும் முன்னால். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எங்களில் பெரும்பாலோர் ஒரு சாலையைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பதே ரோலர் வந்து நிற்கும் நாளில்தான்.

ஒரு சாலை வேலை நில அளவை, முதல் வரைபடம், மதிப்பீடு, நிதி ஒப்புதல், டெண்டர், வேலை உத்தரவு என்று படிப்படியாக நகர்கிறது. முதல் வரைபடத்தில் ஒரு கோட்டை அரை மீட்டர் நகர்த்த ரப்பர் போதும். டெண்டர் போன பிறகு அதே அரை மீட்டருக்குத் திருத்திய மதிப்பீடு, ஒப்பந்தக்காரரோடு தகராறு, தணிக்கையில் கேள்வி எல்லாம் வரும். அப்போது போய் எவ்வளவு நியாயம் பேசினாலும் ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்பார்கள். அவர்கள் நிலையில் நானும் அதைத்தான் சொல்வேன்.

அதனால் வருடத்துக்கு ஒருமுறை, வரும் ஆண்டில் எந்தெந்தச் சாலைகள் எடுக்கப்படுகின்றன என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தகவல் கேட்கும் சட்டம் உள்ள நாடுகளில் எழுத்தில் கேட்டால் தந்தாக வேண்டும். பட்டியலில் நீங்கள் தேட வேண்டியது பிரம்மாண்டமான மேம்பாட்டுத் திட்டங்களைவிட, வெறுமனே மறுபடி தார் போடும் சாலைகளை. அங்கே பழைய கோடுகள் எல்லாம் எப்படியும் அழிந்து புதிதாகப் போடப்படும். எங்கே போடுவது என்று அவர்கள் முடிவெடுக்கும் அந்த ஒரு வாரத்தில் நீங்கள் ஒரு படத்தோடு போய் நின்றால், கூடுதல் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லாமலேயே வண்டித் தடங்கள் குறுகி ஓரத்தில் இடம் பிறக்கும்.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

டேப். நிஜமாகவே அளவு டேப்.

எங்கள் குழு ஒரு சாலையோர மழைநீர் மூடியைப் பற்றி இரண்டு வருடம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. ‘ஆபத்தாக இருக்கிறது’, ‘பலர் விழுகிறார்கள்’ என்றெல்லாம் எழுதினோம், பதில் இல்லை. பிறகு ஒருவர் டேப்பை வைத்து மூடியைப் படமெடுத்தார். கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீளவாட்டில் இருந்தன, இரண்டு கம்பிக்கு நடுவே 35 மில்லிமீட்டர். பக்கத்திலேயே தன் சைக்கிள் டயரை வைத்து இன்னொரு படம்: 28 மில்லிமீட்டர். கடிதத்தில் இரண்டு படம், இரண்டு எண், ஒரே வரி. மறுவாரம் ஓர் ஆள் வந்து, அந்தச் சதுர மூடியைத் தூக்கி 90 டிகிரி திருப்பி வைத்துவிட்டுப் போனார். புது மூடிகூட வாங்கவில்லை.

சாலையின் மொத்த அகலம், ஒவ்வொரு தடத்தின் அகலம், நடைபாதை, வண்டி நிறுத்தும் இடம் என்று குறுக்குவெட்டாக அளந்து ஒரு தாளில் வரைந்து கொண்டுபோங்கள். போக்குவரத்து நடுவே இறங்கி டேப் பிடிக்க வேண்டாம். அதிகாலையில் அளங்கள், அல்லது ஓரத்திலிருந்து எட்டும் அளவுக்கு அளந்துவிட்டு மீதியைத் துறையிடமே கேளுங்கள்.

வேகத்தையும் அளக்கலாம், ரேடார் தேவையில்லை. ஓரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம் வைத்து, வண்டி அதைக் கடக்க எவ்வளவு நொடி என்று கைபேசிக் கடிகாரத்தில் பாருங்கள். 6 நொடி என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், 3.6 நொடி என்றால் 50. நூறு வண்டி எடுத்தால் போதும். துல்லியம் குறைவுதான், ஆனால் ‘ரொம்ப வேகமாகப் போகிறார்கள்’ என்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். பெரும்பாலும் பொறியாளர், ‘அவ்வளவு இருக்காதே’ என்று சந்தேகப்பட்டுத் தன் கருவியை அனுப்புவார். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

சைக்கிள்களை எண்ணும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. மோசமான சாலையில் சைக்கிள் குறைவாகத்தான் இருக்கும், அந்த எண்ணையே உங்களுக்கு எதிராகத் திருப்பிவிடுவார்கள். எத்தனை பேர் என்பதோடு யார் யார் என்றும் எழுதுங்கள்: பெண்கள் எத்தனை, சிறுவர்கள் எத்தனை, வயதானவர்கள் எத்தனை, நடைபாதையில் ஏறி ஓட்டுகிறவர்கள் எத்தனை. ஒரு மணி நேரத்தில் கடந்த அத்தனை பேரும் வேகமாக மிதிக்கத் தெரிந்த இளைஞர்களாகவே இருந்தால், மற்றவர்களை அந்தச் சாலை விரட்டிவிட்டது என்று அர்த்தம்.

‘அங்கே விபத்தே பதிவாகவில்லையே’ என்கிறார்களே?

இது அடிக்கடி வரும், வருகிற விதமும் நேர்மையாகத்தான் இருக்கும். அவர்கள் பார்ப்பது காவல்துறைப் பதிவு. வண்டி மோதாமல் பள்ளத்திலோ மூடியிலோ விழுந்தவர்கள் அதில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். எழுந்து தட்டிக்கொண்டு போனவர்களும் இருக்க மாட்டார்கள். பயந்து அந்த வழியே வராதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1997-ல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட ‘விஷன் ஜீரோ’ கொள்கை இந்த இடத்தில் உதவும். மனிதர்கள் தவறு செய்வார்கள், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பது அமைக்கிறவரின் பொறுப்பு என்பது அதன் சாரம். யாராவது செத்த பிறகுதான் திருத்துவோம் என்று எந்தப் பொறியாளரும் வாய்விட்டுச் சொல்ல விரும்ப மாட்டார். சண்டையாகக் கேட்காமல், ‘சாலைப் பாதுகாப்புத் தணிக்கை நடந்திருக்கிறதா? அறிக்கையைப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள்.

வெள்ளைக் கோடு போட்டுத் தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளலாமா?

சாலையைப் பொறுத்தது. வண்டிகள் 30-ல் போகிற, போக்குவரத்து குறைந்த தெருவில் கோடே தேவைப்படாது. 50-க்கு மேல் பேருந்தும் லாரியும் ஓடும் சாலையில் கோடு யாரையும் காப்பாற்றாது. வேகம் 30-லிருந்து 50 ஆகும்போது மோதும் ஆற்றல் கிட்டத்தட்ட 2.8 மடங்காகிறது. பெயின்ட்டுக்கு அது தெரியாது.

லண்டனில் 2011-ல் திறந்த ஒரு ‘சைக்கிள் சூப்பர்ஹைவே’ பெரும்பகுதி வெறும் நீல வண்ணப் பூச்சுதான். அது போய் முடிந்த ‘போ’ (Bow) என்ற ரவுண்டானாவில் அதே ஆண்டே சைக்கிள் ஓட்டிகள் இறந்தார்கள். 2013-ல் மரண விசாரணை அதிகாரி, அந்த நீலப்பட்டை ஓட்டுகிறவர்களுக்குப் போலியான பாதுகாப்பு உணர்வைத் தருகிறது என்று எச்சரித்தார். பிறகு அதே வழித்தடம் தடுப்புக் கற்களோடு திருத்திக் கட்டப்பட்டது. பெயின்ட் அடிப்பதோடு நிறுத்தப் பார்க்கும் கூட்டங்களில் நான் இதைச் சொல்வதுண்டு.

இன்னொன்று. நிறுத்திய கார்களை ஒட்டிக் கோடு போட்டால் திறக்கிற கதவுக்குள் சைக்கிளைத் தள்ளுகிறோம். கார் நிற்கிற வரிசைக்கும் பாதைக்கும் நடுவே கதவு திறக்கும் அகலத்துக்கு இடம் விடவில்லை என்றால் ‘வேண்டாம், இப்படியே இருக்கட்டும்’ என்று சொல்லத் தயாராக இருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், இத்தனை நாள் கேட்டு வாங்கியதை வேண்டாம் என்பதா என்று உங்கள் ஆட்களே கோபப்படுவார்கள்.

‘இடமே இல்லை’ என்றால்?

குறுக்குவெட்டுத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள். நான்கு தடச் சாலை, ஒவ்வொன்றும் 3.5 மீட்டர். நகருக்குள் பல இடங்களில் 3 மீட்டர் தடம் தாராளமாகப் போதும், பேருந்து ஓடும் தடத்துக்கு மட்டும் சற்றுக் கூடுதலாக விடலாம். அரை மீட்டர் வீதம் நான்கு தடத்திலும் எடுத்தால் 2 மீட்டர். ஒரு திசைப் பாதைக்கு அது கௌரவமான அகலம். தடம் குறுகும்போது ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் நிதானமாவதும் லாபம்.

நிஜமாகவே இடம் இல்லாத தெருக்களும் உண்டு, அங்கே அடம்பிடிக்காதீர்கள். பாதைக்குப் பதிலாக வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது அந்தத் தெருவைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தும் வண்டிகளைத் திருப்பிவிடச் சொல்லுங்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977-ல் மையப் பகுதியை நான்கு பிரிவாகப் பிரித்தது. கார் ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு நேராகப் போக முடியாது, வெளிவட்டச் சாலைக்குப் போய்த்தான் வர வேண்டும். சைக்கிளும் நடப்பவர்களும் நேராகப் போகலாம். கலந்து ஓடும் தெருவில் 30 என்பதும் ஏதோ சைக்கிள்காரர்களின் பேராசை கிடையாது. 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு அமைச்சர்கள் மாநாட்டு அறிக்கையிலேயே இருக்கிறது.

சந்திப்புகளில் என்ன கேட்க வேண்டும்?

உங்கள் சக்தியில் முக்கால்வாசியை இங்கே செலவிடுங்கள். நேர்ச்சாலையில் அழகான பாதையைப் போட்டுவிட்டு, சந்திப்புக்கு 20 மீட்டர் முன்னால் பாதையை முடித்து ‘இனி உன் பாடு’ என்று விட்டுவிடும் வரைபடங்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். வண்டிகள் ஒன்றின் வழியை ஒன்று வெட்டுவது அங்கேதான், பாதையும் அங்கேதான் காணாமல் போகிறது.

முதலில் முனையின் வளைவு. நடைபாதைக் கல் திரும்புகிற அந்த வில்லின் ஆரம் 10 மீட்டர் என்றால் கார் பிரேக்கைத் தொடாமலே திரும்பலாம் என்று ஓட்டுநருக்குத் தோன்றும். 3, 4 மீட்டர் என்றால் தானாகவே மெதுவாவார். சாலையைக் கடக்கும் தூரமும் குறையும்.

இதற்கு உடனே வரும் பதில்: ‘தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும்?’ நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். எந்த வண்டியை வைத்து அந்த வளைவை வரைந்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். வருடத்துக்கு நாலு முறை வரும் பெரிய லாரிக்காக வரைந்திருந்தால், அந்த லாரி எதிர்த் தடத்தைக் கொஞ்சம் தொட்டுத் திரும்பினால் என்ன என்று பேசலாம். அல்லது வளைவின் உள்பகுதியைச் சற்று உயர்த்தி, சொரசொரப்பான கல் பதிக்கலாம்: பெரிய வண்டி ஏறிப் போகும், கார் ஒதுங்கிப் போகும்.

இதை நேரில் காட்ட ஒரு சுலபமான வழி உண்டு. மழை நின்று இரண்டு நாள் கழித்து அந்த முனைக்குப் போய் நில்லுங்கள். சக்கரம் படுகிற இடம் துடைத்துவிட்டதுபோல் கறுப்பாக இருக்கும். சக்கரமே படாத இடத்தில் மணல் படிந்து பிறை மாதிரித் தெரியும். ஒருமுறை ஒரு பொறியாளரை அப்படி அழைத்துப் போனோம். அவர் மணலின் ஓரமாகவே நடந்தார், காலால் ஒரு கோடு இழுத்தார், ‘இவ்வளவும் சும்மா கிடக்கிறதா’ என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. புதிய வளைவு ஏறக்குறைய அவர் இழுத்த கோட்டில்தான் வந்தது.

அப்புறம், பக்கத் தெருவைக் கடக்கும் இடத்தில் சைக்கிள் பாதையை ஏறத்தாழ ஒரு கார் நீளம் உள்ளே தள்ளி வரையச் சொல்லுங்கள். திரும்பிய கார் பாதைக்கு முன் நின்று பார்க்க இடம் கிடைக்கும், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்க மாட்டார். அந்தக் கடப்பை நடைபாதை மட்டத்துக்கு மேடாக்கினால் இன்னும் நல்லது. சிக்னல் உள்ள சந்திப்பில், சைக்கிளுக்குச் சில நொடி முன்னதாகப் பச்சை தர முடியுமா என்று கேளுங்கள்.

வடிவமைப்புக் கையேடுகளைப் படிக்க வேண்டுமா?

குழுவில் ஒருவராவது படிக்க வேண்டும். உங்கள் நாட்டுக் கையேடுதான் முதலில். அதில் ‘விரும்பத்தக்க அகலம்’, ‘குறைந்தபட்ச அகலம்’ என்று இரண்டு இருக்கும். வரைபடத்தில் எங்கெங்கும் குறைந்தபட்சமே இருந்தால் ஏன் என்று கேட்க அது போதும். வெளிநாட்டுக் கையேடுகளில் நெதர்லாந்தின் ‘குரோ’ (CROW) என்ற அமைப்பு வெளியிட்டது பிரசித்தம். தொடர்ச்சி, நேர்வழி, பாதுகாப்பு, வசதி, ஈர்ப்பு என்று ஐந்து அளவுகோல் வைத்திருக்கிறது. ஆனால் கூட்டத்தில் ‘நெதர்லாந்தில் இப்படி’ என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் முகம் மூடிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். சொந்த நாட்டு விதியின் பக்க எண்ணைச் சொன்னால் பேனாவை எடுக்கிறார்.

நெரிசல் கூடும், வியாபாரம் படுத்துவிடும் என்று எதிர்க்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

வாக்குவாதம் செய்யாமல், தற்காலிகமாகப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். பிளாஸ்டிக் கம்பமும் கழற்றக்கூடிய தடுப்பும் போதும். போடுவதற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும் என்பதை மட்டும் விடாதீர்கள். முன்னால் அளக்காமல் விட்டால் பின்னால் ஆளுக்கொரு கதை.

2010-ல் நியூயார்க்கின் பிராஸ்பெக்ட் பார்க் வெஸ்ட் சாலையில் மூன்று வண்டித் தடங்களில் ஒன்றை எடுத்து இருவழிச் சைக்கிள் பாதை அமைத்தார்கள். மறு ஆண்டே எதிர்த்து வழக்குப் போட்டார்கள். நகரப் போக்குவரத்துத் துறையிடம் எண்கள் இருந்தன: வேக வரம்பை மீறிய வண்டிகள் நான்கில் மூன்றாக இருந்தது ஐந்தில் ஒன்றாகியிருந்தது. நடைபாதையில் ஏறி ஓட்டிய சைக்கிள்கள் 46 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகியிருந்தன. வழக்கு இழுத்து இழுத்து 2016-ல் திரும்பப் பெறப்பட்டது, பாதை நிலைத்துவிட்டது.

ஹெல்மெட் விழிப்புணர்வு ஊர்வலம் நடத்துங்களேன் என்கிறார்கள்.

நடத்துங்கள், தப்பில்லை. சாலை வரைபடம் பற்றிய கூட்டத்தின் நேரத்தை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

சைக்கிள் ஓட்டாதவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்காமல் போவதுதான் ஆபத்து. நெதர்லாந்தில் 1971-ல் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் சாலையில் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். அதையடுத்து எழுந்த இயக்கத்தின் பெயர் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’. தெருவில் உட்கார்ந்து மறித்தவர்களில் பெற்றோர் ஏராளம். சைக்கிள் ஓட்டிகளின் சங்கம் 1975-ல்தான் உருவானது. இன்று உலகமே போய்ப் பார்க்கும் பாதைகளுக்கு அந்த இரண்டு தரப்பும் சேர்ந்து கொடுத்த அழுத்தம் பெரிய காரணம்.

நடப்பவர்களையும் பார்வையற்றவர்களையும் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். துறைக்குச் சுலபமான வழி நடைபாதையில் பாதியைச் சைக்கிளுக்கு என்று பலகை மாட்டிவிடுவது. சம்மதித்தால் இரண்டு தரப்பும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும், கார் தடத்தில் ஓர் அங்குலம்கூடக் குறையாது. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் பாதையைக் கொண்டுபோகும் வரைபடத்தை, வெள்ளைக் கோலோடு நடக்கும் ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் யோசிக்காத மூன்று விஷயத்தை ஐந்து நிமிடத்தில் சொல்வார்.

கூட்டத்தில் எப்படிப் பேசுவது?

மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம், ஒருவர் பேசட்டும், ஒருவர் எழுதட்டும். கேட்பது ஒன்றோ இரண்டோ போதும். பொறியாளருக்குள் ஒரு பயம் இருக்கும்: விதிப்புத்தகத்தில் இல்லாததைச் செய்து நாளைக்கு ஏதாவது ஆனால் கேள்வி தன்மேல் வரும். அதனால் விதி எண்ணும், வேறு ஊரில் அதே மாதிரி செய்து நன்றாக நடக்கிறது என்ற ஆதாரமும் அவருக்கு நீங்கள் தரக்கூடிய குடை.

அன்று மாலையே ஒரு கடிதம் அனுப்புங்கள்: ‘இன்று இன்னின்ன பேசினோம், இன்ன தேதிக்குள் அளந்து சொல்வதாகச் சொன்னீர்கள், நன்றி.’ அவர் இடம் மாறிப் போன பிறகு, அடுத்து வருகிறவர் கோப்பில் அந்தக் கடிதம்தான் உங்களுக்காகப் பேசும். இடம் மாறிப் போவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதை போட்டாயிற்று. இனி என்ன?

திறப்பு விழாவுக்கு மறுநாளே ஓட்டிப் பாருங்கள், அளந்தும் பாருங்கள். வரைபடத்தில் 2 மீட்டர் இருந்தது தரையில் 1.7 ஆகியிருக்கும். கம்பத்தை நடுவிலேயே நட்டிருப்பார்கள். ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலம் முடிவதற்குள் எழுத்தில் சொன்னால் திருத்துவார்கள்.

அதன்பின் வருவது மணல், கண்ணாடித் துண்டு, இலை. பெரிய துப்புரவு வண்டி நுழைய முடியாத அகலத்தில் தடுப்பு வைத்துவிட்டால் பாதையைப் பெருக்க ஆளே வராது. இதை வரைபடக் கட்டத்திலேயே துப்புரவுப் பிரிவிடம் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்க மறந்து, ஒரு வருடம் ஞாயிறுதோறும் நாங்களே விளக்குமாறு எடுத்தோம். குழாய்க்காகத் தோண்டுகிறவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு பக்கம் எழுதலாம். தோண்டும் அனுமதியில் ‘பாதையைப் பழைய மட்டத்துக்கே மூடித் தர வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்தார்களா என்று அனுமதியின் நகலை வாங்கிப் பாருங்கள்.